மிஞ்சிப்போன இருபத்து நாலு பிஸ்கட்

எங்கள் சங்கத்தின் சரித்திரத்தில் ஒரு கதைக்குப் பூஜ்ஜியம் விழுந்தது அந்தச் சனிக்கிழமைதான். அதை எழுதியது என் கை. எழுதும்போது வந்த எரிச்சலில் பென்சில் முனையே உடைந்துவிட்டது.

சங்கம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மொத்தம் நாலே பேர். 'வான்கப்பல் பன்னிரண்டு ரசிகர் சங்கம், தரைத்தளக் கிளை' என்று பெயர் மட்டும்தான் நீளம். எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் தையல் அத்தையின் கடை இருக்கிறது. அங்கே வெட்டுத்துணி மூட்டைகளின்மேல் உட்கார்ந்து, சனிக்கிழமைதோறும் மாலை ஐந்து மணிக்கு டிவியில் அந்த விண்வெளித் தொடரைப் பார்ப்போம்.

தையல் அத்தையின் மூத்த பையன்தான் சங்கத் தலைவர். எங்களைவிட ஒரு வகுப்புதான் மேலே, ஆனால் பேச்சு பத்து வகுப்பு மேலே. 'தலைவரே' என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பான். அவனுடைய தம்பி பொடியன், ஒன்றாம் வகுப்பு. மூன்றாவது ஆள் என் தோழி பூதக்கண்ணாடி. விண்வெளியில் சத்தமே கேட்காதே, அப்புறம் வெடிச்சத்தம் எப்படி வந்தது என்று தொடரில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் அவளுக்கு முழுநேர வேலை. நாலாவது ஆள் செயலாளர், அதாவது நான். காதில் எப்போதும் பென்சில் செருகியிருப்பதால் என் பெயரும் பென்சில்.

தலைவர் எப்படித் தலைவர் ஆனான் என்பதற்கு ஒரு வீரக்கதை உண்டு. போன வருடம் எங்கள் கட்டடத்து லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே இவன் தனியாக மாட்டிக்கொண்டான். நாற்பது நிமிடம். அதைச் சரிசெய்தவர் என் அப்பா. லிஃப்ட் பழுது பார்ப்பதுதான் அவர் வேலை. கதவு திறந்ததும், வெளியே கூடியிருந்தவர்களிடம் அப்பா, தம்பி உள்ளே இருந்து நன்றாக உதவி செய்தான் என்று சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். அன்றிலிருந்து லிஃப்டில் பாதியைத் தானே சரிசெய்ததாக இவன் அளந்துகொண்டு திரிகிறான். நாங்களும் வாயைப் பிளந்து கேட்டுவிட்டு, தலைவர் பதவியைத் தூக்கிக் கொடுத்துவிட்டோம்.

சங்கத்துக்கு ஒரு நட்சத்திர அட்டவணை உண்டு. அதுவும் தலைவர் போட்டதுதான். கதையில் வெடி வெடித்தால் ஒரு நட்சத்திரம். துரத்தல் இருந்தால் ஒன்று. சண்டைக்கு ஒன்று. புதுக் கிரகத்துக்கு ஒன்று. விசித்திரமான உயிரினத்துக்கு ஒன்று. மொத்தம் ஐந்து. கதை ஓட ஓட நான் நோட்டில் கோடு போட வேண்டும். கதை முடிந்ததும் கூட்டிச் சொல்ல வேண்டும். அட்டவணையில் இல்லாத எதற்கும் நட்சத்திரம் கிடையாது. ஒருமுறை எழுதிய மதிப்பெண்ணை மாற்ற வேண்டுமானால் நாலு கையும் உயர வேண்டும். இதெல்லாம் சட்டம்.

தொடரில் எல்லாருக்கும் கேப்டனைப் பிடிக்கும். அதைவிட இடியைப் பிடிக்கும். இடி என்பவர் கப்பலின் பீரங்கி வீரர், எதற்கும் பயப்படாதவர். எனக்குப் பிடித்தது ஆணி. அவள் கப்பலைப் பழுது பார்ப்பவள். தோளில் கனமான பை, முழங்கை வரை கிரீஸ். கப்பல் குலுங்கும்போதெல்லாம் கேப்டன், ஆணி எங்கே என்று கத்துவார். அவள் ஏதாவது ஒரு குழாயிலிருந்து தலையை நீட்டி, பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பாள். அதோடு அவள் வேலை முடிந்தது. ஒரு சண்டையிலாவது அவளைச் சேர்த்துக்கொள்வார்களா என்று பார்த்தால், ம்ஹூம்.

என் அப்பாவுக்கும் அதே மாதிரி ஒரு பை உண்டு. அதே முழங்கை, அதே கிரீஸ். டிவியில் வருபவர்களில் என் அப்பா மாதிரி இருப்பது ஆணி ஒருத்திதான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் தலைவர் சிரிப்பானோ என்று பயம்.

அதனால்தான் முந்தின வாரம் வந்த அறிவிப்பைக் கேட்டு நான் பயந்துபோனேன். அடுத்த கதை முழுக்க ஆணியைப் பற்றியது. ரசிகர் சங்கங்கள் எல்லாம் தொடரின் இணையப் பக்கத்தில் அதற்கு நட்சத்திரம் போட வேண்டும், நேரம் முடியும்வரை மாற்றியும் போடலாம். ஞாயிறு மாலை ஆறு மணிக்குச் சராசரி மூன்றுக்குக் குறைந்தால், ஆணி கப்பலை விட்டு இறங்கிவிடுவாள். அப்புறம் தொடரில் வரவே மாட்டாள்.

அந்தச் சனிக்கிழமையும் வந்தது. தையல் அத்தை வழக்கம்போல் தட்டில் இருபத்து நாலு பிஸ்கட் வைத்தார். ஆளுக்கு ஆறு. வைத்துவிட்டு மெஷினில் உட்கார்ந்தார். நாங்கள் தொடர் பார்க்கும்போதெல்லாம் அத்தையின் மெஷின் கடகடவென்று ஓடும். சத்தத்தைக் கூட்டுங்கள் என்று நாங்கள் கத்துவோம். என் மெஷினை யார் ஓட்டுவது என்று அத்தை திருப்பிக் கத்துவார்.

கதை தொடங்கியது. கப்பலின் லிஃப்டில் ஆணியும் இடியும் ஏறினார்கள். லிஃப்ட் நடுவில் நின்றது. விளக்கு அணைந்தது. ஆணி பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்து ஏற்றினாள். வெளிச்சத்தில் பார்த்தால், எதற்கும் பயப்படாத இடி மூலையில் சுருண்டு உட்கார்ந்திருக்கிறார். மூச்சு வாங்குகிறது.

ஆணி உடனே ஸ்பேனரை எடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள். அப்புறம் டார்ச்சை அவர் கையில் கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்கினாள். ஒவ்வொரு முறையும், "இப்ப டொக்குன்னு ஒரு சத்தம் வரும். அது நான்தான்" என்று முன்கூட்டியே சொன்னாள். சொன்ன மாதிரியே சத்தம் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக இடி பேசினார். சின்ன வயதில் தான் ஒரு பெட்டிக்குள் மாட்டிக்கொண்டதைச் சொன்னார். சொல்லும்போது அழுதார். அரை மணி நேரமும் அந்த லிஃப்டுதான். கடைசியில் கதவு திறந்தது. என்ன ஆயிற்று என்று கேப்டன் கேட்டார். ஆணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "இடி விளக்குப் பிடிச்சாரு, நான் வேலையை முடிச்சேன்" என்றாள். வேறு எதையும் சொல்லவில்லை. பாட்டு வந்துவிட்டது.

பாட்டு முடியும்வரை எல்லார் கண்ணும் டிவியிலேயே இருந்தது. அப்புறம் பொடியன் துள்ளி எழுந்து கழிப்பறைக்கு ஓடினான். தலைவர் திரும்பி உட்கார்ந்து, ஒரு வெட்டுத்துணியால் முகத்தைத் துடைத்தான். பஞ்சு கண்ணில் பட்டுவிட்டதாம்.

நோட்டை எடு என்றான். எடுத்தேன். வெடி இல்லை. துரத்தல் இல்லை. சண்டை இல்லை. கிரகம் இல்லை. உயிரினம் இல்லை. பூஜ்ஜியம் என்றான்.

"நல்லாத்தானே இருந்துச்சு?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"நல்லா இருந்துச்சான்னு அட்டவணையில எங்க இருக்கு?" என்றான் தலைவர். பூதக்கண்ணாடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாள். தப்பு எதுவும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் வாயையும் திறக்கவில்லை.

பூஜ்ஜியத்தை எழுதினேன். முனை உடைந்தது. மறுநாள் அனுப்பிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, அறையைக் கூட்டாமல்கூட வீட்டுக்குப் போய்விட்டேன். பிஸ்கட் தூளைக் கூட்டுவது செயலாளர் வேலை. அன்றைக்கு அந்த வேலை செய்ய எனக்கு மனசில்லை.

ஞாயிறு காலையில் அம்மாவின் போனில் இணையப் பக்கத்தைத் திறந்தேன். நூற்றுப் பன்னிரண்டு சங்கங்கள் நட்சத்திரம் போட்டிருந்தன. சராசரி ஒன்று புள்ளி எட்டு. கீழே ஆளாளுக்கு எழுதித் தள்ளியிருந்தார்கள். லிஃப்டில் உட்கார்ந்து பேச விண்கப்பல் எதற்கு என்று ஒருவர். என் வாழ்க்கையில் அரை மணி நேரத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று இன்னொருவர். பீரங்கி வீரரை அழவைத்த ஆணியைப் பிடுங்கி எறியுங்கள் என்று ஒரு சங்கமே சேர்ந்து எழுதியிருந்தது. படிக்கப் படிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் சங்கத்தின் கட்டம் காலியாக இருந்தது. அதில் நான் ஐந்து என்று போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? விரலை அந்த ஐந்தின்மேல் வைத்தும்விட்டேன். அப்புறம் எடுத்துவிட்டேன். நாலு பேர் சங்கத்தில் ஒருத்தி மட்டும் போட்ட ஐந்து, ஐந்தே இல்லை. ஆணிக்கே தெரிந்தால் முகம் சுளிப்பாள்.

சரி, பாக்கி வேலையையாவது முடிப்போம் என்று துடைப்பத்தோடு தையல் அறைக்குப் போனேன். கூட்டினேன். நூல் துண்டுகள் வந்தன. துணிப் பிசிறு வந்தது. பிஸ்கட் தூள் மட்டும் வரவில்லை. மூட்டைக்கு அடியில் பார்த்தேன், அங்கேயும் இல்லை.

மேஜைமேல் தட்டு ஒரு காகிதத்தால் மூடியிருந்தது. திறந்து எண்ணினேன். இருபத்து நாலு. மறுபடியும் எண்ணினேன். இருபத்து நாலேதான்.

எங்கள் சங்கத்தில் பிஸ்கட் தொடக்கப் பாட்டைத் தாண்டியதில்லை. முதல் வெடி வெடிப்பதற்குள் தட்டு பளபளக்கும். என் பங்கையும் சேர்த்துத் தின்கிற ஆள் தலைவர். அப்படிப்பட்டவர்கள் அரை மணி நேரம் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. துடைப்பத்தைப் போட்டுவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தேன். அத்தையின் மெஷினில் ஒரு சட்டைக் கை பாதித் தையலில் நின்றது. ஊசி துணியிலேயே குத்தி இருந்தது. ஆமாம், நேற்று மெஷின் சத்தமே கேட்கவில்லை. யாரும் டிவி சத்தத்தைக் கூட்டச் சொல்லவும் இல்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கழிப்பறைக்கு ஓடும் பொடியன், கடைசிப் பாட்டு வரை அசையவே இல்லை.

மூட்டைக்குப் பக்கத்தில் அந்த வெட்டுத்துணியும் கிடந்தது, தலைவர் முகம் துடைத்தது. பந்து மாதிரி கசங்கி, உப்புக்கோடு போட்டுக் காய்ந்திருந்தது. ஒரு பஞ்சுக்கு இவ்வளவு கண்ணீர் வராது. அதை எடுத்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன். அது அவன் விஷயம், சாட்சியில் சேர்க்கப்போவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

நாலு மணிக்கு அவசரக் கூட்டம் போட்டேன். தலைவர் சலித்துக்கொண்டே வந்தான். முடிந்துபோன விஷயத்துக்கு என்ன கூட்டம் என்றான். நான் தட்டை நடுவில் வைத்துக் காகிதத்தை எடுத்தேன்.

"எண்ணிப் பாருங்க" என்றேன்.

பூதக்கண்ணாடிதான் எண்ணினாள். எண்ணி முடித்ததும் அவள் கண் கண்ணாடிக்குள் இரண்டு மடங்கு ஆனது. மெஷினைக் காட்டினேன். தையல் அத்தை தன் மெஷினையே புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். இருபது வருடத்தில் பாதித் தையலில் ஊசியை விட்டுவிட்டு எழுந்தது இதுதான் முதல்முறை என்றார். பொடியனிடம் கேட்டேன். அவசரமாகத்தான் இருந்தது, ஆனால் போனால் லிஃப்ட் திறந்துவிடுமோ என்று பயந்து அடக்கிக்கொண்டதாக அவன் சொன்னான்.

"பிடிக்காத கதைக்கு யாராவது பிஸ்கட்டை மறப்பாங்களா?" என்று கேட்டேன். "அட்டவணை சொல்றது வேற, தட்டு சொல்றது வேற. நான் தட்டை நம்புறேன்."

பூதக்கண்ணாடி கையை உயர்த்தினாள். கதை முழுக்கத் தேடியும் தனக்கு ஒரு தப்புகூடக் கிடைக்கவில்லை, அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது என்றாள். பொடியன் இரண்டு கையையும் உயர்த்தினான். ஒன்றை இறக்கச் சொன்னேன். என் கையும் உயர்ந்தது. மீதி ஒன்று.

தலைவர் காலால் துணி மூட்டையை உதைத்துக்கொண்டிருந்தான். பசி இல்லாமல் இருந்திருக்கலாம், அது ஒரு சாட்சியா என்று முணுமுணுத்தான்.

"அண்ணா, நீ நேத்து அழு..." என்று பொடியன் தொடங்கினான். நான் சட்டென்று ஒரு பிஸ்கட்டை எடுத்து அவன் வாயில் திணித்தேன். மிச்சம் பிஸ்கட்டோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது.

தலைவர் என்னைப் பார்த்தான். நான் தட்டைப் பார்த்தேன். கடிகாரம் நாலே முக்காலைக் காட்டியது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

"நான் லிஃப்டைச் சரி பண்ணவே இல்ல" என்றான் அவன்.

தையல் அத்தை மெஷினிலிருந்து தலையைத் தூக்கினார்.

"உள்ள இருட்டா இருந்துச்சு. நான் அழுதேன். நாப்பது நிமிஷமும் அழுதேன். பென்சிலோட அப்பாதான் கதவுக்கு அந்தப் பக்கம் உக்காந்து பேசிக்கிட்டே இருந்தாரு. காலையில என்ன சாப்பிட்டேன்னு கேட்டாரு. இப்ப ஒரு சத்தம் வரும், அது நான்தான்னு ஒவ்வொரு தடவையும் சொன்னாரு. ஆணி மாதிரியே." அவன் மூக்கை உறிஞ்சினான். "வெளியே வந்ததும் நான் உதவி பண்ணேன்னு எல்லார்கிட்டயும் சொன்னாரு. அழுததை யார்கிட்டயும் சொல்லல."

அப்பா என்னிடம்கூடச் சொன்னதில்லை. ஒரு வருடமாக ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டு மேஜையில், இவன் அளந்ததை எல்லாம் நான் போய்ச் சொல்லும்போது அப்பா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டிருக்கிறார். இவ்வளவு பெருமையாக எனக்கு எப்போதுமே இருந்ததில்லை.

நான் தலைவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. பூதக்கண்ணாடியும் சிரிக்கவில்லை. தையல் அத்தை எழுந்து வந்து அவன் தலையை ஒரு தடவை தடவிவிட்டு மறுபடி மெஷினுக்குப் போனார்.

தலைவர் கையை உயர்த்தினான். நாலு கை. சட்டப்படி பூஜ்ஜியத்தை ரப்பரால் அழித்து, ஐந்து என்று எழுதினேன். பென்சில் உடையவில்லை.

ஆனால் எங்கள் ஒரு ஐந்தால் சராசரி நகராது. அதனால் ஐந்தின் கீழே ஒரு கடிதமும் எழுதினோம். நான் எழுத, மற்றவர்கள் ஆளுக்கு ஒரு வரி சொன்னார்கள்:

'நாங்களும் முதலில் பூஜ்ஜியம்தான் போட்டோம். காரணம், எங்கள் அட்டவணையில் வெடிக்கு இடம் இருந்தது, இதற்கு இடம் இல்லை. இன்று சாட்சிகளைச் சேகரித்தோம். பிஸ்கட் வைத்தது இருபத்து நாலு, மிஞ்சியது இருபத்து நாலு. ஓடாத தையல் மெஷின் ஒன்று. அவசரத்தை அடக்கிய ஆறு வயதுப் பையன் ஒருவன். அழுதவர் ஒருவர், அவரே சொல்லச் சொன்னார். நீங்கள் நட்சத்திரம் போட்டது இருக்கட்டும். உங்கள் தட்டைப் போய்ப் பாருங்கள்.'

அழுதவர் வரியைச் சேர்த்தது தலைவர். அழிக்கட்டுமா என்று இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் வேண்டாம் என்றான்.

ஐந்து பத்துக்கு அம்மாவின் போனிலிருந்து அனுப்பினோம். ஐந்து இருபது வரை ஒன்றும் நடக்கவில்லை. போனைச் சுற்றி நாலு தலையும் முட்டிக்கொண்டன. ஐந்து இருபத்து மூன்றுக்கு முதல் பதில் வந்தது. எங்கள் வீட்டுச் சோளப்பொரி அப்படியே இருக்கிறது, நாங்கள் பொய் சொல்லிவிட்டோம், நாலு நட்சத்திரம் என்று எழுதியிருந்தார்கள். அடுத்து, பூனை மேஜைமேல் ஏறிப் பாலைக் குடித்ததைக்கூட யாரும் பார்க்கவில்லை என்று ஒரு சங்கம். எங்கள் அப்பா செய்தி பார்க்க வேண்டும் என்று சேனலை மாற்ற வந்தவர், நின்றபடியே கடைசி வரை பார்த்தார் என்று இன்னொரு சங்கம். ஆணியைப் பிடுங்கி எறியச் சொன்ன சங்கம்கூட வந்தது. எங்களில் அழுதவர்கள் ஆறு பேர், தலைவி உட்பட, என்று எழுதி ஐந்து போட்டது.

சராசரி இரண்டைத் தாண்டியது. ஐந்து நாற்பதுக்கு இரண்டரை. ஐந்து ஐம்பதுக்கு இரண்டு புள்ளி ஒன்பது. அங்கேயே நின்றுவிட்டது. பூதக்கண்ணாடி நகத்தைக் கடித்தாள். பொடியன் கழிப்பறைக்குப் போகாமல் காலை மாற்றி மாற்றி நின்றான். மெஷின் மறுபடி நின்றிருந்தது. தையல் அத்தையும் எங்கள் தலைகளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்து ஐம்பத்தேழுக்கு எண் மாறியது. மூன்று புள்ளி ஒன்று.

ஆறு மணிக்குத் திரையில் ஆணியின் படம் வந்தது. தோளில் அதே பை. கீழே, 'பார்த்துக்கொண்டிருக்கிறேன்' என்று எழுதியிருந்தது. அத்தையின் அறையில் நாங்கள் போட்ட கூச்சலுக்கு நாலாவது மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்களாம். தலைவர் பொடியனைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினான். பூதக்கண்ணாடி குதித்த குதியில் கண்ணாடி கழன்று துணி மூட்டைக்குள் போய்விட்டது. தேடி எடுக்கப் பத்து நிமிடம் ஆயிற்று.

அன்று மாலை அப்பாவிடம் கேட்டேன், ஏன் என்னிடம்கூடச் சொல்லவில்லை என்று. அப்பா கிரீஸ் கையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"லிஃப்டுக்குள்ள நடந்தது லிஃப்டோட சரிம்மா" என்றார். "அவனா சொன்னான்? பரவாயில்லையே, தைரியசாலி."

அடுத்த சனிக்கிழமை அட்டவணையில் ஆறாவதாக ஒரு கட்டம் இருந்தது. 'மிஞ்சிய பிஸ்கட்' என்று தலைவர் தன் கையாலேயே எழுதியிருந்தான். ஐந்து மணிக்குச் சற்று முன்னால் அவனே மாடிக்கு ஓடிப் போய், மாமா வாங்க, மாமா வாங்க என்று என் அப்பாவை இழுத்துக்கொண்டு வந்தான். இருப்பதிலேயே பெரிய மூட்டையை அவருக்குப் போட்டான். அப்பா பையைக் கால்மாட்டில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். அத்தை தட்டை நீட்டினார். அப்பா ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார்.

கப்பல் குலுங்கியது. ஆணி எங்கே என்று கேப்டன் கத்தினார். குழாயிலிருந்து அவள் தலையை நீட்டினாள்.

கதை முடிந்து கடைசிப் பாட்டு வந்தபோது நான் திரும்பிப் பார்த்தேன். அந்த பிஸ்கட் கடிபடாமல் அப்பாவின் கையிலேயே இருந்தது. காதிலிருந்து பென்சிலை எடுத்து, ஆறாவது கட்டத்தில் நன்றாக அழுத்தி ஒரு கோடு போட்டேன்.